சுற்றுலா முகாம்களும் எலிகளால் பரவும் நோய்களும்

மலையையும் வனத்தையும் அருவியையும் நேரில் கண்டு களிக்க வேண்டும் என்னும் ஆவல் இன்று மக்களிடையே நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது. நகரத்தின் இரைச்சலிலிருந்து விலகி, இரண்டு மூன்று நாட்கள் கூடாரத்திலோ மரக்குடிலிலோ தங்கி, நல்ல காற்றைச் சுவாசித்துத் திரும்புவது உடலுக்கும் உள்ளத்திற்கும் உகந்தது என்பதில் ஐயமில்லை. மாணவர் முகாம்கள், சாரணர் முகாம்கள், மலையேறுவோர் குழுக்கள் ஆகியவை நமது மாநிலத்திலும் பெருகியுள்ளன. இவ்வாறு செல்வோர் யானையையும் பாம்பையும் குறித்து மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கின்றனர். ஆனால், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சுண்டெலியைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. அச்சிறு பிராணியினால் விளையக்கூடிய தீங்கு எத்தகையது என்பதை 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெரும் பூங்கா ஒன்றில் நிகழ்ந்த சம்பவம் உலகிற்கு எடுத்துக் காட்டியது.

அயல்நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அங்கே நோயை உண்டாக்கிய எலி இனம் நமது நாட்டில் இல்லை என்பது உண்மையே. எனினும் அந்நோய் பரவிய விதமும், அதனைக் கண்டுபிடித்த விதமும் தங்கும் விடுதியையோ முகாமையோ பொறுப்பேற்று நடத்தும் எவரும் அறிந்திருக்க வேண்டியவை.

யோசெமிட்டியில் நிகழ்ந்தது

கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா மலைத்தொடரின் நடுவே யோசெமிட்டி என்னும் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா 1890-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓங்கி நிற்கும் கருங்கல் பாறைகளையும் உயரமான அருவிகளையும் காண ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் மக்கள் இங்கு வருகின்றனர். பள்ளத்தாக்கின் நடுவே கர்ரி கிராமம் என்று ஒரு தங்குமிடம் உண்டு. 1899-இல் சில கூடாரங்களோடு தொடங்கிய அவ்விடம் நாளடைவில் நூற்றுக்கணக்கான குடில்கள் கொண்ட சிற்றூராகவே வளர்ந்துவிட்டது.

2008-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மேலிருந்த பாறை சரிந்து விழவே, கர்ரி கிராமத்துக் குடில்களில் பல அபாயகரமானவை என்று மூடப்பட்டன. அவற்றிற்கு ஈடாக 2009-இல் 91 புதிய கூடாரக் குடில்கள் அமைக்கப்பட்டன. சாதாரணக் கூடாரக் குடில் என்பது மரச் சட்டத்தின்மீது கித்தான் துணி போர்த்தியது. அதில் குளிர் உட்புகும். புதிய குடில்களிலோ, வெளியே கித்தானும், உள்ளே பலகைச் சுவரும், இரண்டுக்கும் இடையே குளிரைத் தடுக்கும் பஞ்சு போன்ற பொருளும் வைக்கப்பட்டன. விருந்தினர்க்கு வசதியாகவும் கதகதப்பாகவும் இருக்க வேண்டும் என்னும் நன்னோக்கத்துடனேயே இவ்வாறு செய்யப்பட்டது.

ஆனால், அந்தக் கதகதப்பை மனிதருக்கு முன்னதாகவே எலிகள் கண்டுகொண்டன. இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருந்த இடம், பகைவர் எட்டாத, மழை படாத, மெத்தென்ற ஓர் எலி வளையாகவே அமைந்துவிட்டது. உள்ளே படுத்திருந்தவர் பார்வையில் பட்டதோ தூய்மையான சுவரும் நல்ல கட்டிலுமே.

2012-ஆம் ஆண்டின் கோடை காலத்தில் இங்கு வந்து தங்கித் தம் ஊர் திரும்பியவர்களில் சிலர், சில வாரங்கள் கழித்துக் கடுமையான காய்ச்சலாலும் மூச்சுத் திணறலாலும் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கலிபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினர், வெவ்வேறு ஊரைச் சேர்ந்த இரு நோயாளிகள் கர்ரி கிராமத்தில் தங்கியவர்கள் என்பதைக் கண்டறிந்து ஆகஸ்ட் 16-ஆம் நாள் வெளியிட்டனர். ஆகஸ்ட் 28-ஆம் நாள் அந்த 91 குடில்களும் மூடப்பட்டன. இறுதிக் கணக்கின்படி நோயுற்றோர் 10 பேர். அவர்களுள் 3 பேர் உயிர் நீத்தனர். பத்துப் பேரில் ஒன்பது பேர் புதிய இரட்டைச் சுவர்க் குடில்களில் தங்கியவர்கள். எஞ்சிய ஒருவர் அதே பூங்காவின் மேல்மலை முகாம்களில் தங்கியவர். சுவர்களைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே எலிக் கூடுகள் காணப்பட்டன. எலிகளைப் பிடித்துப் பரிசோதித்ததில் நோய்க் கிருமியின் அடையாளமும் தெரியவந்தது. அக்குடில்கள் பின்னர் அகற்றப்பட்டன.

இங்கே கருத வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அப்பூங்காவில் எலிகள் எக்காலத்தும் இருந்தே வந்துள்ளன. 2000-ஆம் ஆண்டிலும் 2010-ஆம் ஆண்டிலும் ஒவ்வொருவர் இதே நோயுற்றுப் பிழைத்திருக்கின்றனர். 2012-இல் புதிதாக வந்தது எலி அன்று. எலியும் மனிதனும் ஒரு சாண் இடைவெளியில் உறங்குவதற்கு வழி செய்த சுவரே. கட்டட வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் நம்மவர்கள் இதனை மனத்தில் கொள்வது நல்லது. பொய்க் கூரை, பலகைச் சுவர், தரைக்கும் பலகைக்கும் இடையே விடப்படும் வெற்றிடம் ஆகிய அனைத்தும் பார்வைக்கு அழகு தருபவை. அவற்றின் உட்புறத்தைப் பெருக்கவும் இயலாது, பார்க்கவும் இயலாது.

ஹன்டா கிருமியின் வரலாறு

அந்நோய்க்குக் காரணமான நுண்கிருமி ஹன்டா வைரஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. 1950-க்குப் பின் நடந்த கொரியப் போரில், வயல்வெளிகளில் கூடாரமடித்துத் தங்கிய ஐக்கிய நாடுகளின் படைவீரர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் ஒரு விசித்திரமான காய்ச்சலுக்கு உள்ளாயினர். இரத்தக் கசிவும் சிறுநீரகக் கோளாறும் அதன் அறிகுறிகள். காரணம் புலப்படவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1976-இல், கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ என்பவர் முதுகில் கோடுள்ள வயல் எலி ஒன்றினிடம் அக்கிருமியைக் கண்டறிந்தார். அப்பகுதியில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரே கிருமிக்கு வழங்கலாயிற்று. முகாமில் தங்குவோர்க்கும் எலிக்கும் உள்ள தொடர்பு இந்நோயின் வரலாற்றில் தொடக்கத்திலிருந்தே காணப்படுகிறது.

இவ்விடத்தில் நமது மாநிலத்தைச் சேர்ந்த ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். 1964-ஆம் ஆண்டில் வேலூரில் மூளைக் காய்ச்சல் குறித்த ஆய்வின்போது, தோட்டப்பாளையம் பகுதியில் பிடிக்கப்பட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவும் ஹன்டா இனத்தைச் சேர்ந்ததே என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. கொரியக் கிருமிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டா இன வைரஸ் நமது வேலூர் வைரஸ்தான். இன்றும் உலக மருத்துவ நூல்களில் அது தோட்டப்பாளையம் வைரஸ் என்றே வழங்குகிறது. பிள்ளையாரின் வாகனம் என்று நாம் சொல்லும் மூஞ்சூறு, உயிர்நூல் முறைப்படி எலி இனமே அன்று. அது பூச்சி தின்னும் வேறோர் இனம். அமெரிக்காவில் கண்டது போன்ற கொடிய நோயை இவ்வைரஸ் மனிதரிடம் உண்டாக்கியதாக அறியப்படவில்லை. ஆகவே இதைக் கேட்டு அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் தானியக் கிடங்குத் தொழிலாளர், எலி பிடிக்கும் இருளர் ஆகியோரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவருள் சிலரிடம் ஹன்டா இனக் கிருமி எப்போதோ உட்புகுந்ததன் அடையாளம் காணப்பட்டது. எலியோடு நெருங்கிப் பிழைப்போர்க்குச் சுகாதாரத் துறையின் கவனம் தேவை என்பதற்கு இது போதிய சான்று.

அமெரிக்க நோய்க்கு வருவோம். 1993-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் கூடும் பகுதியில், நவஹோ பழங்குடியினரைச் சேர்ந்த இளம் ஓட்ட வீரர் ஒருவர் திடீரென்று மூச்சுத் திணறி மாண்டார். அவர் மணக்கவிருந்த பெண் சில நாட்களுக்கு முன்னரே அவ்வாறே இறந்திருந்தாள். திடகாத்திரமான இளைஞர் பலர் இவ்வாறு அடுத்தடுத்து உயிரிழந்தது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. ஆராய்ந்ததில், அதுவரை அறியப்படாத புதிய ஹன்டா வைரஸ் காரணம் என்று சில வாரங்களுக்குள் தெளிவாயிற்று. முன் ஆண்டில் மழை மிகுந்து, செடிகொடிகளும் பைன் கொட்டைகளும் ஏராளமாய் விளைந்து, எலிகள் பன்மடங்கு பெருகியிருந்தன. மழையும் கொட்டையும் மிகுந்த ஆண்டில் எலி பெருகும், எலி பெருகினால் நோய் வரும் என்று நவஹோ முதியோர் முன்பே அறிந்திருந்தனர். நூலறிவு பெற்றோர் ஆய்ந்து கண்டதை அனுபவ அறிவு பெற்றோர் வாய்மொழியாகக் காத்து வந்துள்ளனர். அவ்வட்டாரத்தின் பெயரை வைரஸுக்குச் சூட்டினால் ஊருக்கு இழுக்கு என்று மக்கள் ஆட்சேபித்தபடியால், இறுதியில் ஸ்பானிய மொழியில் பெயரற்றது என்று பொருள்படும் சின் நோம்ப்ரே என்னும் பெயரே இடப்பட்டது!

நோய் தொற்றும் முறை

இவ்வைரஸைச் சுமப்பது மான் எலி எனப்படும் சுண்டெலி. மேற்புறம் மானின் நிறமாகவும், வயிறும் பாதங்களும் வெண்மையாகவும் உள்ள அழகிய பிராணி அது. வைரஸ் இருப்பதால் எலிக்கு எவ்வித நோயும் உண்டாவதில்லை. துள்ளி ஓடும் எலியைப் பார்த்து நோயுள்ளதா இல்லையா என்று சொல்ல முடியாது. எலியின் சிறுநீர், புழுக்கை, எச்சில் ஆகியவற்றில் வைரஸ் வெளியேறுகிறது. அவை உலர்ந்து தூசியோடு கலக்கின்றன. மூடிக்கிடந்த குடிலைத் திறந்து ஒருவர் துடைப்பத்தால் பெருக்குகிறார், தூசி எழுகிறது, அதைச் சுவாசிக்கிறார். பெரும்பாலும் நோய் தொற்றுவது இவ்வளவு எளிய முறையிலேதான். எலி கடித்தும் வரலாம். ஆனால் அது அரிது.

திறந்த வெளியில் வெயிலும் காற்றும் படுமிடத்தில் வைரஸ் விரைவில் அழிந்துபோகிறது. வெயில் புகாத மூடிய அறையிலோ அது சில நாட்கள் வரை பிழைத்திருக்கும். எனவே, காட்டில் நடப்பவரைக் காட்டிலும், பல மாதம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்து சுத்தம் செய்பவருக்கே அபாயம் அதிகம். பலர் எண்ணுவதற்கு இது நேர்மாறானது.

சின் நோம்ப்ரே வைரஸ் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. தென் அமெரிக்காவில் உள்ள ஆண்டிஸ் வைரஸ் மட்டும் இதற்கு விலக்கு. அர்ஜென்டினா நாட்டின் எபுயேன் என்னும் சிற்றூரில் 2018-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2019-இன் தொடக்கத்திலுமாக அது 34 பேருக்குப் பரவி, 11 பேரை மாய்த்தது.

நோயின் அறிகுறிகள் எலியின் எச்சம் பட்ட ஒரு வாரம் முதல் எட்டு வாரங்களுக்குள் தோன்றும். முதலில் காய்ச்சல், அசதி, தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் கடுமையான தசைவலி. சிலருக்கு வாந்தியும் வயிற்று வலியும் உண்டு. சாதாரண விஷக் காய்ச்சல் என்றே எவரும் கருதுவர். நான்கு முதல் பத்து நாட்களில் இருமலும் மூச்சுத் திணறலும் தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்துக் கொள்கிறது. அதன்பின் நோயின் வேகம் நாள் கணக்கில் அன்று, மணிக் கணக்கில் அமைகிறது. நுரையீரல் நோய் முற்றியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இறந்துபோகின்றனர். இதற்குத் தனி மருந்தும் இல்லை. அமெரிக்காவில் தடுப்பூசியும் இல்லை. மூச்சுக்குத் துணை செய்யும் கருவிகள் உள்ள மருத்துவமனையில் காலம் தாழ்த்தாது சேர்ப்பதே உயிர் காக்கும் வழி.

நோய் அரிதானது என்பதையும் கூறிவிட வேண்டும். 1993 முதல் 2022 முடிய அந்நாடு முழுவதிலும் கணக்கில் வந்த ஹன்டா நோயாளிகள் 864 பேர் மட்டுமே. ஆயினும் அது ஓய்ந்துவிடவில்லை. யோசெமிட்டிக்குக் கிழக்கே உள்ள மம்மத் லேக்ஸ் என்னும் மலையூரில் மூவர் இந்நோயால் இறந்த செய்தி 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயிற்று.

பதிவேட்டின் பயன்

யோசெமிட்டி நிகழ்ச்சியில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது மருத்துவப் பகுதி அன்று, அலுவலகப் பகுதியே. நோயுற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் கலிபோர்னியாவினர். மற்ற இருவர் நாட்டின் மறுகோடியில் உள்ள பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். நோய் வெளிப்படுவதற்குள் அனைவரும் ஊர் திரும்பிவிட்டனர். நுரையீரலில் நீர் கோத்த நோயாளியைப் பார்க்கும் தொலைதூர மருத்துவர், ஐந்து வாரங்களுக்கு முன் அவர் ஒரு மலைக்குடிலில் இரண்டு இரவு தங்கினார் என்பதை எவ்வாறு அறிவார்? நோயாளிக்கே அது நினைவுக்கு வராது.

ஆகவே, பூங்கா நிர்வாகத்தார் தம்மிடமிருந்த முன்பதிவுக் குறிப்புகளை எடுத்து, அந்தக் கோடையில் இரட்டைச் சுவர்க் குடில்களில் தங்கிய சுமார் 10,000 பேருக்கு எச்சரிக்கை அனுப்பினர். பின்னர் பூங்காவின் பிற இடங்களில் இரவு தங்கியவர்களுக்கும் என்று அது விரிந்து, இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோரை எட்டியது. அவர்களில் வெளிநாட்டார் பலர். காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள், யோசெமிட்டியில் தங்கியதைச் சொல்லுங்கள் என்பதே அச்செய்தியின் சாரம்.

இத்தனையும் இயன்றதற்குக் காரணம், தங்கியவர் யார், எக்குடிலில், எந்நாள் என்னும் விவரம் எழுத்தில் இருந்ததே. நமது வட்டாரங்களில் பயணியர் விடுதி, மாணவர் முகாம், யாத்திரிகர் கொட்டகை ஆகியவற்றின் பதிவேடுகளைத் தணிக்கைக்காகப் புரட்டும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி நேர்கிறது. பெரும்பாலும் குழுத் தலைவர் பெயரும், 'உடன் 14 பேர்' என்னும் குறிப்புமே காணப்படும். கட்டணம் வசூலித்ததற்கு அது கணக்காகலாம். நோய் வந்தபின் ஆளைத் தேடுவதற்கு அது ஆகாது.

பிளேக் நோயும் அணிலும்

அதே பூங்காவில் 2015-ஆம் ஆண்டில் வேறொரு நோய் தலைகாட்டியது. கிரேன் பிளாட் என்னும் முகாம் திடலில் தங்கிச் சென்ற லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக் குழந்தை ஒன்றுக்குப் பிளேக் நோய் கண்டது. அடுத்து ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்து சென்ற ஒருவருக்கும் கண்டது. நல்ல வேளையாக இருவரும் பிழைத்தனர். பிளேக்குக்கு மருந்து உண்டு, காலத்தில் கொடுத்தால் குணமாகும். இறந்து கிடந்த அணில்களில் பிளேக் கிருமி காணப்படவே, முகாம் திடல்கள் சில நாட்கள் மூடப்பட்டு, அணில் வளைகளில் தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் மருந்து தூவப்பட்டது.

பிளேக் அந்நாட்டில் தோன்றிய நோய் அன்று. 1900-ஆம் ஆண்டில் கப்பல் எலிகளோடு சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நிலத்தில் வளை தோண்டி வாழும் காட்டு அணில்களிடம் குடியேறி நிலைத்துவிட்டது. எலியோ அணிலோ இறந்தால் அதன் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி வேறு உடம்பைத் தேடிப் புறப்படும். அங்கே அணிலுக்குத் தீனி போடாதீர்கள் என்று எங்கும் பலகை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மவர்க்கு அணில் என்றால் தனிப் பிரியம். அயல்நாடு செல்வோர் அப்பிரியத்தை அங்கே சற்று அடக்கிக் கொள்வது நலம். எங்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: காரணம் தெரியாமல் எலிகள் செத்து விழுந்தால், அவற்றைக் கையால் தொடாது, உடனே சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். சூரத் நகரில் 1994-இல் உண்டான பீதியை நினைவில் கொண்டவர்களுக்கு இதை வற்புறுத்த வேண்டியதில்லை.

நம் பகுதியில் முகாமிடுவோர் அறிய வேண்டியவை

நமது மாநிலத்தில் முகாமுக்குச் செல்வோர் ஹன்டா நோயைவிட அதிகமாக எதிர்பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று எலிக்காய்ச்சல், மற்றொன்று உண்ணிக் காய்ச்சல்.

எலிக்காய்ச்சல் என்று வழங்கும் லெப்டோஸ்பைரா நோய், எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து, காலில் உள்ள சிராய்ப்பு, வெடிப்பு வழியாகவும், கண், வாய், மூக்கின் வழியாகவும் உட்புகுகிறது. மழைக் காலத்தில் வயலில் இறங்கும் உழவர்க்கு இது புதிதன்று. உல்லாசப் பயணிகளுக்கு வரும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டி சான்று. 26 நாடுகளைச் சேர்ந்த 304 பேர் காடும் மலையும் ஆறும் கடந்தனர். பின்னர் விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேர் நோயுற்றிருந்தனர். 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே நோய் அதிகம் கண்டது. உயிர்ச்சேதம் இல்லை. மழை பெய்து நீர் கலங்கி ஓடும் நாளில் ஓடையிலும் குட்டையிலும் நீந்துவதைத் தவிர்ப்பதும், காலில் காயமுள்ளவர் சேற்றில் இறங்காதிருப்பதும், ஓடை நீரைக் காய்ச்சியே பருகுவதும் போதிய காப்பாகும். கண் சிவப்பு, கெண்டைக்கால் தசைவலி, காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து வருமாயின் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கிரப் டைபஸ், புதர்க்காட்டு எலிகளின் உடலில் ஒட்டி வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் இளம் புழு கடிப்பதால் வருவது. புல்லின்மீதும் புதர் ஓரத்திலும் வெறுந்தரையில் படுப்பதும் உட்காருவதும், ஈரத் துணியைப் புதர்மீது உலர்த்துவதும் உண்ணிக்கு வழிவிடுவன. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கருமையான பொருக்கு ஒன்று காணப்படலாம். அது அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருப்பதால், மருத்துவர் உடல் முழுவதும் பார்த்தால் அன்றித் தெரியாது. வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை ஆகிய மாவட்டங்களில் இந்நோய் மிகுந்து வருவதாக நமது பொதுச் சுகாதாரத் துறை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எச்சரித்தது. இவ்விரு காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் முதலான மலிவான மருந்துகள் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன. தாமதித்தால்தான் இவை உயிருக்கு இறுதியாகின்றன.

குடிலைத் திறக்கும் முறை

பள்ளி விடுமுறைக்கு முன் முகாம் கட்டடங்களைத் திறந்து சுத்தம் செய்வது எங்கும் வழக்கம். திறந்தவுடன் துடைப்பத்தை எடுப்பதும் எங்கும் வழக்கம். இதை மாற்றியாக வேண்டும். முதலில் கதவு, சன்னல் அனைத்தையும் திறந்துவைத்து, அரைமணி நேரம் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு கையுறை அணிந்து, புழுக்கையும் கூடும் உள்ள இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் நன்றாக நனைத்து, ஐந்து நிமிடமாவது ஊற விட வேண்டும். வீட்டு உபயோகத்திற்கு விற்கும் திரவமாயின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்; பிளீச்சிங் தூளாயின் அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டறியலாம். கழிவறை கழுவும் அமிலத்தோடு இதனைக் கலக்கக் கூடாது. நச்சுப் புகை எழும். ஊறியதைக் காகிதத்தாலோ பழந்துணியாலோ வழித்தெடுத்து, இரட்டைப் பையில் கட்டி அகற்றிய பின்னரே தரையை ஈரத்துணியால் துடைக்கலாம். உலர்ந்த புழுக்கையைப் பெருக்கவே கூடாது. தூசி உறிஞ்சும் மின் கருவியும் கூடாது. இவ்வேலையைச் செய்யும் சிப்பந்திகளுக்குக் கையுறை வாங்கும் செலவு அற்பமானது. அதற்கு ஆட்சேபம் எழுப்பும் தணிக்கையாளர் எவரையும் நான் இன்னும் கண்டதில்லை.

எலி நுழையும் வழியை அடைப்பதே நிரந்தரப் பரிகாரம். பென்சில் நுழையும் துவாரம், அதாவது கால் அங்குலம் இருந்தால் சுண்டெலிக்குப் போதும். குழாய் செல்லும் ஓட்டை, கதவின் அடியிடுக்கு, கூரையும் சுவரும் கூடுமிடம் ஆகியவற்றை இரும்பு நாரும் சிமென்டும் கொண்டு அடைக்கலாம். துணியையும் பஞ்சையும் திணித்தால் அவை எலிக்கு மெத்தையாகவே பயன்படும். விறகைக் குடிலை ஒட்டி அடுக்கக் கூடாது. அரிசி, பருப்பு, ரொட்டி ஆகியவற்றை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்க வேண்டும். எச்சில் இலையையும் மிச்சச் சோற்றையும் இரவு வரை விட்டுவைக்கலாகாது.

கூடாரம் அடிப்போர் எலி வளையும் விறகுக் குவியலும் இல்லாத இடம் பார்த்து, அடித்துணி உள்ள கூடாரத்தில், கூடுமாயின் கட்டிலில் படுப்பது நல்லது. புழுக்கை நாற்றம் வீசும் குடிலில், இரவு நேரமாகிவிட்டதே என்று படுத்துவிட வேண்டாம். அதைவிடத் திண்ணை மேல்.

முகாமிலிருந்து திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே தங்கினோம், எவ்வோடையில் குளித்தோம், எலியைக் கண்டோமா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். முகாம் நடத்துவோர் தமது பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தனி வரி ஒதுக்கி, பெயர், முகவரி, தொலைபேசி எண், தங்கிய அறையின் எண், வந்த நாள், சென்ற நாள் ஆகியவற்றை எழுதுவித்து, அப்பதிவேட்டை முகாம் முடிந்து மூன்று மாதங்கள் வரையிலேனும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.